சனிக்கிழமை கணுக்கால், செவ்வாய்க்கிழமை போன்

பத்து வருஷத்துக்கு முன்னால், கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு திடலில், பதினேழு வயதுப் பையன் ஒருவன் பந்தை விரட்டிக்கொண்டு ஓடும்போது பாதம் உள்பக்கமாக மடங்கி விழுந்தான். எனக்கு அப்போது 23 வயது. அந்தக் கால்பந்து அணியில் அடிபட்டவர்களைப் பார்ப்பது என் வேலை. விளையாட்டு அறிவியலில் டிப்ளோமா வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. புதுப் பை, புது டேப், கழுத்தில் தொங்கும் அட்டை. ஓடிப்போய்ப் பார்த்தேன். வெளிக் கணுக்கால் வீங்க ஆரம்பித்திருந்தது. தோளில் தாங்கி ஓரத்துக்குக் கொண்டுவந்து, ஐஸ் வைத்து, பேண்டேஜைக் கச்சிதமாகச் சுற்றி, காலை ஐஸ் பெட்டி மேல் தூக்கி வைத்தேன். அவன் அம்மாவிடம், "சுளுக்குதான் ஆன்ட்டி, ரெண்டு வாரத்துல ஓடுவான்" என்றேன். கோச் அண்ணன்கூட, "தங்கச்சி வேலையைச் சுத்தமா செய்யுது" என்றார். அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டே போனேன்.

மூன்று வாரம் கழித்து ஜாலான் ஈப்போவில் ஒரு மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், அந்த அம்மாவைப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் பையன், காலில் மாவுக்கட்டு. பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்குப் போகும் எலும்பின் அடிப்பகுதி உடைந்திருந்ததாம். வீக்கம் வற்றவில்லையே என்று பத்தாவது நாள் கிளினிக்குக் கூட்டிப்போக, அங்கிருந்து எக்ஸ்ரே எடுக்க அனுப்பியிருக்கிறார்கள். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "நீ நல்லாத்தாம்மா பார்த்தே, ஐஸெல்லாம் வெச்சியே" என்று சொல்லி எனக்கும் சேர்த்து ஒரு தே தாரிக், ஆற்றிய பால் டீ, சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

தவறு செய்தேன் என்பதைவிட இன்னொன்று அதிகமாக உறுத்தியது. அன்று ரொட்டி சானாய் சாப்பிட நான் வேறு கடைக்குப் போயிருந்தால், அந்தக் கணுக்காலைச் சரியாகப் பார்த்தேன் என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பேன். தையல்காரரிடம் தைத்த சட்டை இறுக்கினால் மறுநாள் திரும்பி வந்துவிடும். சமையல்காரருக்கு இலையில் மிச்சம் வைத்தது தெரியும். எங்கள் வேலையில் சனிக்கிழமை ஆறரை மணிக்கு எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கப்புறம் அந்தக் கால் என்ன ஆனது என்று யாரும் வந்து சொல்வதில்லை. இப்படியே பத்து வருஷம் ஓட்டிவிட்டு "எனக்குப் பத்து வருஷ அனுபவம்" என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு தவறையே பத்து வருஷம் செய்த அனுபவமாகவும் அது இருக்கலாம்.

முதலில் அந்தத் தவறு என்னவென்று சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். கனடாவில் 1992-இல் வந்த ஒட்டாவா விதி என்று ஒன்று உண்டு. கணுக்கால் அடிபட்டால் யாருக்கு எக்ஸ்ரே தேவை என்று சொல்வது. பரீட்சையில் அதைச் சரியாக எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். வெளிக் கணுக்கால் மொட்டின் பின் ஓரம், நுனியிலிருந்து மேலே 6 செண்டிமீட்டர் வரை அழுத்த வேண்டும். உள்பக்க மொட்டிலும் அப்படியே. பிறகு பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவில், கையால் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும், அங்கே. கடைசியாக உள்பக்கம், பாத வளைவுக்கு மேலே இருக்கும் படகு எலும்பு. இவற்றில் எலும்பின் மேலேயே அழுத்தும்போது வலித்தாலோ, நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரேக்கு அனுப்ப வேண்டும். நொண்டிக்கொண்டு நடந்தாலும் நடைதான்.

நான் என்ன செய்தேன்? பூட்ஸைக் கழற்றினேன். ஸ்டாக்கிங்கைக் கணுக்கால் தெரியும் அளவுக்கு மட்டும் இறக்கினேன். வீங்கின இடத்தை அழுத்தினேன். சுளுக்கு என்றாலும் அங்கே வலிக்கத்தான் செய்யும். பாதம் முழுக்க ஸ்டாக்கிங்குக்குள் இருந்தது. அந்த மேட்டை நான் தொடவே இல்லை. அவ்வளவுதான் விஷயம். இன்றைக்கு எனக்குக் கீழே பழக வரும் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது: ஸ்டாக்கிங்கை முழுசாகக் கழற்று. இரண்டு காலிலும் கழற்று, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கால் வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், அவர்களிடம் இந்த விதியை மட்டும் நம்ப வேண்டாம். சந்தேகம் வந்தால் அனுப்பிவிடலாம்.

அந்த வாரமே ஒரு 555 நோட்டு வாங்கினேன். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அது என்னவென்று விளக்க வேண்டாம். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு, அதுதான். என் நோட்டும் ஒரு வகையில் கடன் கணக்குத்தான்.

ஒரு அடிக்கு ஒரு பக்கம். எப்படி விழுந்தான், நான் என்ன பார்த்தேன், எங்கே அழுத்தினேன், என்ன செய்தேன். அதற்குக் கீழே, பேனாவால், அழிக்க முடியாதபடி: "என் கணிப்பு". அதற்குக் கீழே ஒரு வெற்று இடம். அந்த இடத்தைச் செவ்வாய்க்கிழமைதான் நிரப்புவேன். பெயர் எழுதுவதில்லை, ஜெர்சி எண் மட்டும். 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரத்தைத் தனிக் கவனத்தோடு காக்க வேண்டிய தகவலாக வைத்திருக்கிறது; அதைவிட முக்கியம், நோட்டைத் திடலில் தவறவிட்டால் எவன் கையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஏன் செவ்வாய்? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் எல்லாரும் "ஓகே அக்கா" என்பார்கள். திங்கட்கிழமை வேலை, பள்ளி, யாரும் போன் எடுக்க மாட்டார்கள். செவ்வாய் ஆகும்போது வீக்கம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும், மேலும் எங்களுக்கு அன்று மாலைதான் பயிற்சி. முதல் சில வாரம் கூச்சமாக இருந்தது. 23 வயதுப் பெண், ஆட்டக்காரப் பையன்களுக்குப் போன் பண்ணி "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று. அதனால் வீட்டு நம்பருக்குக் கூப்பிட ஆரம்பித்தேன். அதுதான் நல்லதாகப் போயிற்று. பையன் சொல்லாததை அம்மா சொல்வார். "ராத்திரி தூங்கவே இல்லம்மா." "தாத்தா எண்ணெய் காய்ச்சிப் போட்டு நல்லா நீவி விட்டாரு, அதுக்கப்புறம் இன்னும் வீங்கிருச்சு."

அந்த இரண்டாவது வாக்கியம் மட்டும் முதல் சீசனில் ஐந்தாறு தடவை கேட்டேன். அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் அழுத்தி நீவினால், சூடு வைத்தால், உள்ளே கசிவு அதிகமாகும். இதை நான் சனிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தாத்தாவைக் குறை சொல்லிப் பயன் இல்லை. இப்போது பையனைக் கூட்டிப்போக வருகிறவரிடமே சொல்லி அனுப்புகிறேன்: "எண்ணெய் போடுங்க, தப்பில்ல. ஆனா புதன்கிழமைக்கு அப்புறம் போடுங்க, மெதுவா தடவுங்க, நீவ வேணாம்." அப்படிச் சொன்னால் கேட்கிறார்கள். "மசாஜ் கூடாது" என்று மொட்டையாகச் சொன்னால் நான் வாசல் தாண்டுமுன் எண்ணெய்ப் பாட்டில் வந்துவிடும்.

சீசன் முடிந்து நோட்டைப் புரட்டினேன். கணிப்புக்கும் செவ்வாய்க்கும் பொருந்தாத பக்கங்கள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆனால் அவை சிதறிக் கிடக்கவில்லை. கணுக்காலில் நான் எப்போதும் குறைத்துத்தான் மதிப்பிட்டிருந்தேன். முழங்காலில் எப்போதும் கூட்டிப் பயந்திருந்தேன். எந்த வகுப்பிலும் எந்த ஆசிரியரும் என்னிடம் இதைச் சொல்லியிருக்க முடியாது.

இன்னொன்றும் தெரிந்தது. தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் தாமதமாக வந்தவர்கள். சனிக்கிழமையும் வேலை முடித்து, ஜாலான் கூச்சிங் நெரிசலில் மோட்டாரை நுழைத்து, பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே திடலுக்குள் ஓடுகிறவர்கள். ஃபிஃபாவின் '11 பிளஸ்' சூடேற்றும் பயிற்சியை நான் அணிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். நார்வேயில் பதின்ம வயதுப் பெண்களிடம் செய்து 2008-இல் வெளிவந்த ஆய்வில், அதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அதற்கு 20 நிமிஷம் வேண்டும். யாருக்கு அது ரொம்பத் தேவையோ அவன் அப்போது ஜாலான் கூச்சிங்கில் நின்றுகொண்டிருக்கிறான்! கோச்சிடம் பேசி, தாமதமாக வருகிறவன் என்னோடு ஓரத்தில் ஆறு நிமிஷம் செய்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று வைத்தோம். பின்தசைக்கு மண்டியிட்டுச் செய்வது, ஒற்றைக் கால் சமநிலை, இரண்டு மூன்று வேக ஓட்டம். முனகினார்கள், செய்தார்கள்.

அடுத்து, நோட்டைக் காட்ட ஒரு ஆள் வேண்டும் என்று தோன்றியது. இங்கேயும் முதலில் சொதப்பினேன். மூத்தவர்கள் மூன்று பேருக்கு, "எனக்கு வழிகாட்டியாக இருக்க முடியுமா?" என்று நீளமாக, மரியாதையாக எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. முகம் தெரியாத ஒருத்தி திடீரென்று வந்து தன்னைத் தத்தெடுக்கச் சொன்னால் யார்தான் சரி என்பார்? நாலாவது ஆளுக்கு நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, "இதில் நான் எதைப் பார்க்கத் தவறினேன் அக்கா?" என்று ஒரு வரி கேட்டேன். பத்து நிமிஷத்தில் நாலு வரி பதில் வந்தது. அவர் பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்ட். அப்படியே பழகி, மாதத்தின் கடைசி ஞாயிறு பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு என்று ஆனது. பில் என்னுடையது. எந்த வகுப்புக் கட்டணத்தையும்விட மலிவு.

முதல் ஞாயிறே ரசம் ஊற்றிக்கொண்டு ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"'சரியாயிருச்சு'ன்னு எழுதியிருக்கே. யாரு சொன்னது?"

"அவனே சொன்னான் அக்கா."

"அடுத்த வாரம் என்ன மேட்ச்?"

"அரையிறுதி."

"பின்னே வேற என்ன சொல்வான்?"

அதற்கப்புறம் "சரியாயிருச்சு" என்ற வார்த்தையை நோட்டில் எழுதுவதில்லை என்று முடிவு பண்ணினேன். அதற்குப் பதில் எண்கள். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை எத்தனை முறை உயர்த்துகிறான், நல்ல காலில் எத்தனை முறை. நின்ற இடத்தில் ஒற்றைக் காலில் பத்துத் துள்ளல், முகத்தைச் சுளிக்கிறானா. நேராக ஓடுகிறான், சரி. கோன் வைத்து வெட்டித் திரும்பச் சொன்னால் எந்தப் பக்கம் தயங்குகிறான். மறுநாள் காலையில் வீக்கம் திரும்ப வந்ததா. இரண்டு காலும் கிட்டத்தட்டச் சமமாக வரும்வரை ஆட்டம் இல்லை. ஒரு நல்ல பக்க விளைவு: பையன்கள் என்னோடு வாக்குவாதம் பண்ணுவது நின்றது. "இந்தக் கால் 22, அந்தக் கால் 9. நீயே சொல்லு" என்றால் என்ன பேசுவான்?

பிசியோ அக்கா அழுத்திச் சொன்ன இன்னொன்று, "பிசியோ" என்று யாராவது என்னைக் கூப்பிட்டால் திருத்த வேண்டும் என்பது. 2016-ஆம் ஆண்டுத் துணை மருத்துவத் தொழில் சட்டத்தின்படி, சட்டம் 774, பதிவு இல்லாதவர் பிசியோதெரபிஸ்ட் என்று தொழில் நடத்தக் கூடாது. திடலில் பை வைத்திருக்கிறவர்கள் எல்லாருமே "பிசியோ"தான் என்பது நம் ஊர்ப் பழக்கம். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெயருக்குப் பழகிவிட்டால், மெல்ல மெல்ல அந்த வேலையையும் செய்யக் கை நீளும். முதுகைச் சொடுக்கி எடுத்துவிடு என்பார்கள். மாத்திரை கொடு என்பார்கள். சாதாரண சளி மாத்திரையில் இருக்கும் சூடோஎஃபெட்ரின்கூட, போட்டி நேரத்தில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஊக்கமருந்துக் கணக்கில் வந்துவிடும். அந்தத் தடைப் பட்டியலும் ஆண்டுதோறும் ஜனவரி 1-இல் மாறும். என் பையில் மாத்திரையே கிடையாது.

ஐஸ் பற்றியும் கேட்பார்கள். ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்று 'ரைஸ்' என்ற சுருக்கத்தை 1978-இல் கொடுத்தவர் அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின். ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-இல் அவரே எழுதினார். நடுவில் 2012-இல் 'போலீஸ்' என்று ஒரு சுருக்கம், 2019-இல் 'பீஸ் அண்ட் லவ்' என்று இன்னொன்று. சுருக்கம் மாறிக்கொண்டே இருக்கும். சாரம் என்னவோ ஒன்றுதான்: முதல் சில நாள் காப்பாற்று, பிறகு படுக்கப்போடாமல் அளவாக அசைய விடு. நான் இன்னமும் ஐஸ் வைக்கிறேன், வலிக்காக. அதையும் சொல்லித்தான் வைக்கிறேன்.

இனி, புதியவர்கள் ரொம்பத் தடுமாறும் இடம். ஆட்டத்தை, அல்லது ஆட்டக்காரனை, நிறுத்தச் சொல்வது. என் இரண்டாவது சீசனில் எங்கள் கோல் கீப்பர், மலாய்க்காரப் பையன், எதிராளி முழங்காலில் தலை மோதி விழுந்தான். எழுந்துவிட்டான். "ஓகே காக்காக், ஓகே" என்றான், மலாயில் 'அக்கா'. கண் தெளிவாக இருந்தது. தலை அடிக்குக் கேட்கும் கேள்விகள் உண்டு: இப்போது எந்தத் திடலில் இருக்கிறோம், எத்தனையாவது பாதி, கடைசியாக யார் கோல் போட்டது, போன ஆட்டம் யாரோடு, ஜெயித்தோமா. மனப்பாடம் பண்ணின மாதிரி ஆங்கிலத்தில் கேட்டேன். பாதிக்கு மேல் சரியாகச் சொன்னான். சொல்லாததை ஆங்கிலம் வராததால் என்று நானே எடுத்துக்கொண்டேன். அப்புறம் ஏதோ தோன்றி, எந்தத் திடல் என்ற முதல் கேள்வியையே மலாயில் கேட்டேன்: "செகாராங் கித்தா டி படாங் மானா?" அவன் வீட்டு மொழி. சுற்றிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். போன வாரம் ஆடின திடலின் பெயரைச் சொன்னான்.

நான் அவன் கையுறைகளைக் கழற்றி என் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். இது யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை. பை என் தோளில் இருக்கும்வரை அவன் கோலுக்குத் திரும்ப முடியாது என்று தோன்றியது. கோச் அண்ணன் ஓடி வந்தார்.

"பத்து நிமிஷம்தானே இருக்கு தங்கச்சி."

"இல்லண்ணே."

"பையன் நிக்கிறான், பேசுறான்."

"எங்க நிக்கிறோம்னு தெரியாம நிக்கிறாண்ணே."

மாற்று கீப்பர் இறங்கினான், கடைசி நிமிஷத்தில் ஒரு கோல் வாங்கினோம், தோற்றோம். கோச் அண்ணன் அன்று என்னோடு பேசவில்லை. சரி, கோபம் நியாயம்தான், அவர் வேலை ஜெயிப்பது. செவ்வாய்க்கிழமை போன் பண்ணினால் அவன் அக்கா எடுத்தாள். ஞாயிறு காலையில் வாந்தி எடுத்தானாம், வெளிச்சம் பட்டால் தலை வலிக்கிறது என்றானாம், ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லை என்று சொல்லி, ஓய்வில் இருக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்று மாலை பயிற்சியில் இதைக் கோச்சிடம் அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல். அவர் தலையை ஆட்டிவிட்டு கோன் அடுக்கப் போய்விட்டார்.

அடுத்த சீசன் தொடங்கும் முன் அவரே மாமாக் கடைக்குக் கூப்பிட்டார். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மூன்றே விஷயத்தில் என் பேச்சுத்தான் கடைசி: தலை, இடி, வெயில். மற்றதெல்லாம் அவர் முடிவு, நான் கருத்துச் சொல்லலாம். புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சண்டையைத் திடலில் போடாதீர்கள், டீக்கடையில் முன்கூட்டியே போட்டு முடித்துவிடுங்கள். 88-ஆவது நிமிஷத்தில் எந்தக் கோச்சும் காது கொடுக்க மாட்டார். சீசனுக்கு ஒரு மாதம் முன்னால் எல்லாருமே நல்லவர்கள்.

தலை அடி என்று சந்தேகம் வந்தாலே அன்று திரும்ப ஆட்டம் இல்லை, இதில் பேரம் கிடையாது. இடிக்கு: மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் சத்தம் கேட்டால் எல்லாரும் கட்டடத்துக்குள், அல்லது காருக்குள். மரத்தடி வேண்டாம், நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகையும் வேண்டாம். கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம். கோலாலம்பூரில், அதுவும் ஏப்ரல், அக்டோபர் வாக்கில், மாலை ஆட்டங்களில் பாதி இதிலேயே போய்விடும், முனகத்தான் செய்வார்கள். வெயிலுக்கு: உடம்புக்குள் 40 டிகிரியைத் தாண்டி, ஆள் உளற ஆரம்பித்தால், ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிவிட்டு அங்கேயே குளிர வைக்க வேண்டும். முதலில் குளிர்ச்சி, பிறகு பயணம். பெரிய தொட்டி எங்களுக்குக் கிடையாது. ஒரு கன்வாஸ் விரிப்பில் ஆளைப் படுக்க வைத்து, நாலு பேர் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, ஐஸ் பெட்டியில் இருக்கிற எல்லாவற்றையும் தண்ணீரோடு கொட்டி ஆட்டினால் போதும். பயிற்சியில் ஒத்திகை பார்த்திருக்கிறோம். நிஜத்தில் இதுவரை தேவைப்படவில்லை. அந்தக் கன்வாஸில் மாற்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து கச்சாங், நம்ம கடலைதான், கொறிக்கிறார்கள்.

வகுப்புகள் பற்றிக் கேட்பார்கள். புக்கிட் ஜாலிலில் தேசிய விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. அதன் பயிற்றுநர் அகாடமி விளையாட்டு அறிவியலை மூன்று நிலைகளில் கற்றுத் தருகிறது. முதல் நிலையையாவது முடித்துவிடுவது நல்லது. கோச்சுகள் பேசும் மொழி புரியும். ஆனால் கையில் காசு ஒரு வகுப்புக்குத்தான் இருக்கிறது என்றால், செம்பிறைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ முதலுதவி வகுப்புக்குப் போங்கள். இதயம் நின்றவரின் நெஞ்சில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செண்டிமீட்டர் ஆழம் என்பது படித்தால் எளிது. பொம்மையின் நெஞ்சில் இரண்டு நிமிஷம் செய்து பார்த்தால் கை நடுங்கும். அந்த நடுக்கத்தை முதன்முதலில் ஒரு மனிதர் மேல் கண்டுபிடிக்கக் கூடாது.

இன்னொன்று, எந்த வகுப்பிலும் சொல்லித் தராதது. புதுத் திடலுக்குப் போனதும் நான் முதலில் தேடுவது காவலாளியை. "அங்கிள், ஏஇடி எங்க இருக்கு? ஆம்புலன்ஸ் வர கேட் எது? சாவி யார்கிட்ட?" ஏஇடி என்பது நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி. பத்தில் ஆறு திடல்களில் அந்தக் கேட்டில் துருப்பிடித்த பூட்டு தொங்கும். ஒருமுறை சாவி வைத்திருந்தவர் ரவாங்கில் கல்யாண வீட்டில் இருந்தார். ஆட்டத்தை இருபது நிமிஷம் தள்ளி வைத்து, பூட்டை அறுத்து, புதுப் பூட்டு வாங்கிப் போட்டோம்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஆரம்பத்தில் ஒரு ஆட்டத்துக்கு 80 ரிங்கிட் கொடுத்தார்கள், சில வாரம் அதுவும் இல்லை. டேப் என் காசு. வார நாளில் ஒரு ஜிம்மில் வேலை பார்த்துத்தான் சமாளித்தேன், இப்போதும் பாதி நாள் அப்படித்தான். எங்கள் அப்பா அந்தக் காலத்து ஓட்டப்பந்தய ரசிகர். "ஜெகதீசன் 1966-ல பாங்காக்ல மூணு தங்கம் வாங்கினாரு, டாக்டராவும் இருந்தாரு. நீ என்னம்மா, பை தூக்குறே" என்பார். டாக்டர் எம். ஜெகதீசன் 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதிவரை ஓடியவர், பிற்பாடு விளையாட்டு மருத்துவத் துறையிலும் பெரிய பொறுப்புகளில் இருந்தவர். அவரோடு ஒப்பிட்டால் யார்தான் தேறுவார்கள்? ஆனாலும் டேப் சுற்றிப் பழக எனக்குக் கால் கொடுத்தவர் அதே அப்பாதான். ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே காலை நீட்டுவார். 3.8 செண்டிமீட்டர் அகல டேப். மேலே கீழே நங்கூரம் என்கிற வளையம், அடியில் லாடம் மாதிரி ஒரு சுற்று, அப்புறம் குதிகாலைப் பிடித்து நிறுத்தும் பூட்டு. சுற்றி முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுவேன். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்காவிட்டால் இறுக்கம் அதிகம், பிரித்து மறுபடி. "முடியைப் பிடுங்காதே" என்று கத்துவார். மூன்று மாதம் அவர் கணுக்காலில் முடியே இல்லை.

இப்போது என்னோடு ஒரு தங்கை பழக வந்திருக்கிறாள், 22 வயது. போன சனிக்கிழமை கணுக்கால் ஒன்றை அவளே பார்த்தாள். ஸ்டாக்கிங்கை இரண்டு காலிலும் கழற்றினாள், நாலு இடமும் அழுத்தினாள், நடக்க வைத்தாள். தன் 555 நோட்டில் "சுளுக்கு, எலும்பு வலி இல்லை" என்று எழுதினாள். நான் பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்தப் பாதத்தின் வெளி ஓரத்தில் லேசாகச் சந்தேகம் இருந்தது. என் நோட்டில் என் கணிப்பைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று எக்ஸ்ரேக்கு அனுப்பிவிட்டோம்.

இன்றைக்குச் செவ்வாய். போன் அவள் கையில் இருக்கிறது, மணி அடித்துக்கொண்டிருக்கிறது.